நாடா மஞ்சள், கிளினிக் கொப்பி சிவப்பு: எதை நம்புவது?

கேள்வி: நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். அக்காவின் மூத்த மகனுக்கு இப்போது 18 மாதம். இரண்டு மாதத்துக்கு முன் அக்காவுக்கு அடுத்த குழந்தை பிறந்தது. மூத்தவனை நானும் அம்மாவும்தான் பார்த்துக்கொள்கிறோம். போன கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் அளந்தபோது நிறை 8.1 கிலோ, நீளம் 80 சென்ரிமீற்றர். வயதுக்கேற்ற நிறையில் செம்மஞ்சள், உயரத்தில் பிழையில்லை, உயரத்துக்கேற்ற நிறையில் சிவப்பு என்று சொல்லி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தந்தார். பயிற்சி ஒன்றில் எனக்குக் கிடைத்த கை நாடாவால் (மேற்கைச் சுற்றளவு பார்க்கும் நிற நாடா) நானே வீட்டில் அளந்து பார்த்தேன். 12.2 சென்ரிமீற்றர், மஞ்சள். அத்தான் ‘எங்கட குடும்பமே ஒல்லிதானே, வெள்ளாமை வெட்டு நேரத்தில ஆர் போய் வார்டில இருக்கிறது?’ என்கிறார். தேரை விழுந்திருக்கும் என்று அம்மா தண்ணி ஓதிக் கொடுக்கிறா. பிள்ளையின் கன்னம் கொஞ்சம் உப்பலாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்போல விளையாடுவதில்லை, மடியிலேயே கிடக்கிறான். எந்த அளவை நம்புவது?

பதில்:

தங்கச்சி, முதலில் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். மிட்வைஃப் மிஸ் சொன்னது சரி. அது ஏன் சரி என்றுதான் கீழே எழுதுகிறேன். அதைப் பஸ்ஸில் இருந்தும் வாசிக்கலாம், வார்டில் இருந்தும் வாசிக்கலாம்.

வெளிக்கிட முன் ஒரு சின்ன வேலை மட்டும் செய்யுங்கள். பிள்ளையை மடியில் வைத்து, இரண்டு புறங்காலையும் உங்கள் இரண்டு பெருவிரலாலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். மூன்று வினாடி போதும். விரலை எடுத்த பிறகு இரண்டு காலிலும் குழி அப்படியே நிற்கிறதா? ஒரு காலில் மட்டும் நின்றால் வேறு காரணம் இருக்கலாம். இரண்டிலும் நின்றால் உடம்பில் நீர் கோர்த்திருக்கிறது. சிறு பிள்ளையில் அது பெரும்பாலும் போசாக்குக் குறைவால் வரும் வீக்கம். அதற்குப் பிறகு நிறை என்ன, நீளம் என்ன, நாடா என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. கடும் மந்தபோசணை என்று சொல்ல அந்தக் குழி ஒன்றே போதும். உங்கள் கடிதத்தில் நான் நின்ற இடம் அந்தக் கன்னம் பற்றிய வரிதான். வீட்டில் எல்லோரும் அதை ஆறுதலாகப் பார்த்திருப்பீர்கள். கை கால் சதையெல்லாம் இறங்கிய பிள்ளைக்குக் கன்னம் மட்டும் உப்பி நின்றால் எனக்குப் பயம்தான் வரும்.

இந்த இடத்தில் நானே பிழை விட்டிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிது. ஒரு கிளினிக்கில், இரண்டு கிழமைக்குள் 600 கிராம் கூடிய ஒரு பிள்ளையின் தாயை எல்லோருக்கும் முன்னால் பாராட்டினேன். திரிபோஷா சத்துமாவை ஒழுங்காகக் கொடுத்திருக்கிறீர்கள் என்றேன். அந்தத் தாய் சிரிக்கவில்லை. ‘பிள்ளை ஒண்டும் சாப்பிடுறதே இல்ல டொக்டர்’ என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, தராசைத்தான் நம்பினேன். பக்கத்தில் நின்ற வயதான தாதி ஒருவர் ஒன்றும் பேசாமல் வந்து பிள்ளையின் காலை அழுத்தினார். குழி விழுந்தது. எழும்பவில்லை. கூடிய நிறை அவ்வளவும் தண்ணீர். அந்தப் பிள்ளை வார்டில் பல நாள் இருந்து தேறி வீட்டுக்குப் போனான். அந்தத் தாதி அன்றைக்கு லீவில் நின்றிருந்தால், அடுத்த மாதத் திகதியைப் போட்டு அவனை நான் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அன்றிலிருந்து தராசைப் பார்க்க முன் காலைப் பார்க்கிறேன். பிள்ளை சாப்பிடுகிறதில்லை என்று தாய் சொன்னால் அதையும் ஓர் அளவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

சரி, உங்கள் எண்களுக்கு வருவோம். ஒரே பிள்ளை, நாலு அளவு, நாலு விதமான பதில். யாரோ பிழையாக அளந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் நாலுமே சரியாக இருக்கலாம். ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்கிறது.

நீளத்தை எடுங்கள். 18 மாத ஆண் பிள்ளைக்கு நடுக்கோடு (பாதிப் பிள்ளைகள் அதற்கு மேலே, பாதிப் பிள்ளைகள் கீழே) 82.3 சென்ரிமீற்றர். உங்கள் மருமகன் 80. இது நல்ல நீளம். எலும்பு மெதுவாக வளர்வது. மாதக்கணக்காக, வருசக்கணக்காகச் சாப்பாடும் சுகமும் குறைந்தால்தான் நீளம் பின்தங்கும். ஆகவே இவன் பிறந்ததிலிருந்து பட்டினி கிடந்தவன் இல்லை. முதல் ஒரு வருசம் அக்கா நன்றாகத்தான் வளர்த்திருக்கிறா. இதை அக்காவிடம் கட்டாயம் சொல்லுங்கள். பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவ எவ்வளவு குற்ற உணர்வோடு இருப்பா என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது வயதுக்கேற்ற நிறை. 18 மாத ஆண் பிள்ளை 8.8 கிலோவுக்குக் கீழே போனால் செம்மஞ்சள், 7.8க்குக் கீழே போனால் சிவப்பு. 8.1 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கிளினிக் கொப்பியில் எல்லோரும் முதலில் பார்ப்பது இந்தப் படத்தைத்தான். மாதாமாதம் கோடு ஏறுகிறதா, படுக்கிறதா, இறங்குகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல படம் இல்லை. ஆனால் ஒருநாள் நிறையை வைத்து மெலிவைத் தீர்ப்பதற்கு இது போதாது. 8.1 கிலோ என்பது குட்டையான, சதைப்பிடிப்பான ஒரு பிள்ளையின் நிறையாகவும் இருக்கலாம், நீளமான, எலும்பும் தோலுமான பிள்ளையின் நிறையாகவும் இருக்கலாம். படத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உங்கள் மருமகனின் நல்ல நீளமே அவனுடைய மெலிவைப் பாதி மறைத்துவிட்டது.

அந்த மறைப்பை எடுத்துவிட்டுப் பார்ப்பதுதான் உயரத்துக்கேற்ற நிறை. இதில் வயதை விட்டுவிடுவோம். 80 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஓர் ஆண் பிள்ளையின் உடம்பில் எவ்வளவு நிறை இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. நடுக்கோடு சுமார் 10.4 கிலோ. இரண்டாவது நியம விலகல் கோடு 9 கிலோவுக்குச் சற்றுக் கீழே. மூன்றாவது கோடு ஏறத்தாழ எட்டேகால் கிலோ. இவன் 8.1. மூன்றாவது கோட்டுக்கும் கீழே போய்விட்டான்.

நியம விலகல் என்றால் பயப்பட வேண்டாம், நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று சொல்லும் அளவுதான். வயிறு நிறையச் சாப்பிட்டு, சுகமாக வளரும், ஒரே நீளமான ஆயிரம் பிள்ளைகளை வரிசையாக நிற்க வையுங்கள். அதில் மூன்றாவது கோட்டுக்குக் கீழே வருவது ஒரு பிள்ளை, கூடினால் இரண்டு. இரண்டாவது கோட்டுக்குக் கீழே வருவது ஏறத்தாழ இருபத்துமூன்று பிள்ளைகள். அத்தான் சொல்வதற்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. பரம்பரையே ஒல்லி என்பதை நான் தூக்கி எறிய மாட்டேன். தாய் தகப்பன் மெலிந்த உடம்புக்காரர்களாக இருந்து, பிள்ளை இரண்டாவது கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒழுங்காக ஓடிக்கொண்டு, துள்ளி விளையாடிக்கொண்டு இருந்தால் நானும் அதை ஏற்பேன். மூன்றாவது கோட்டுக்குக் கீழே விழுந்து, விளையாட்டையும் நிறுத்திய பிள்ளைக்கு அந்த நியாயம் பொருந்தாது. ஆயிரத்தில் அந்த ஒருவன் இவன்தான் என்று வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பது சரியில்லை.

‘இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கீறின கோடு’ என்று சிலர் கிளினிக்கிலும் சொல்வார்கள். அப்படி இல்லை. இப்போது நம் கொப்பியில் இருக்கும் கோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டவை. அதற்காக 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்தார்கள். தாய்ப்பால் குடித்து, புகைபிடிக்காத தாய்மாரிடம், வசதிக்குறைவு இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள். அப்படி வளர்ந்தபோது டில்லிப் பிள்ளையும் ஒஸ்லோப் பிள்ளையும் சிறு வயதில் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் நீண்டார்கள். நம் நாட்டில் மெலிந்த பிள்ளைகள் நிறையப் பேர் என்பது உண்மை. 2016 குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இப்படித்தான் என்று பார்த்துப் பார்த்து நம் கண்ணுக்கு மெலிவு பழகிவிட்டது. கண்ணை நம்பாமல் அளந்து பார்ப்பது அதனால்தான்.

இனி நீங்கள் அளந்த நாடா. முதலில், நீங்களாகவே அளந்து எழுதி வைத்ததற்கு என் பாராட்டு. ஆபிரிக்காவில் நைஜர் நாட்டில் தாய்மாருக்கே இந்த நாடாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற தொண்டர்கள் அளந்ததற்குத் தாய்மார் அளந்தது ஒன்றும் குறைவாக இருக்கவில்லை. அளக்க வேண்டியது இடது கை. தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுப்புள்ளியைக் கையை மடித்து வைத்துக் குறிக்க வேண்டும், பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். நாடா தோலோடு ஒட்டி நிற்க வேண்டும், சதையை நெரிக்கக் கூடாது. இறுக்கினால் இரண்டு மூன்று மில்லிமீற்றர் குறையும், தளர்த்தினால் கூடும். இந்த அளவில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் என்பது நிறத்தையே மாற்றிவிடும்.

நிறத்தைவிட எண்ணைப் பாருங்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கையைச் சுற்றி நிற நாடா போடும் வழக்கத்தை 1970களில் பரவலாக்கியவர் பாக்தாத்தைச் சேர்ந்த பிள்ளை வைத்தியர் அத்னான் ஷகீர். அவருடைய நாடாவில் 12.5க்குக் கீழே சிவப்பு. பின்னாளில் வந்த நாடாக்களில் 11.0க்குக் கீழே சிவப்பு. 2009இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து அதை 11.5க்கு உயர்த்தின. ஏதோ ஓர் அலுமாரியில் கிடந்த அந்த 11.0 நாடாவை எடுத்து அளந்தால், சிவப்புக்குள் வர வேண்டிய பிள்ளை மஞ்சளில் நிற்கும். உங்கள் எண் 12.2. இன்றைய கணக்கில் 11.5க்குக் கீழே கடுமை, 11.5 முதல் 12.5 வரை நடுத்தரம். ஆகவே மஞ்சள் சரி. ஆனால் மஞ்சள் என்றால் சுகம் என்று பொருளில்லை. அது தனியாக வந்திருந்தாலும் பிள்ளையைக் காட்டத்தான் சொல்லியிருப்பேன். (தம்பிக் குழந்தைக்கு இந்த நாடாவைப் போட்டுப் பார்க்காதீர்கள். இந்த எண்கள் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரைக்குமானவை.)

அப்படியென்றால் கை மஞ்சளில் நிற்கும்போது உடம்பு எப்படிச் சிவப்பில் நிற்கும்? கை நாடா பார்ப்பது மேற்கையில் இருக்கும் தசையையும் கொழுப்பையும் மட்டும். நிறையில் நெஞ்சு, வயிறு, தொடை எல்லாம் அடங்கும். பிள்ளைகள் எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கரைவதில்லை. கை நாடாவில் கூடுதலாகப் பிடிபடுவது வயது குறைந்த, குட்டையான பிள்ளைகள். நீளமான பிள்ளைகள் உயரத்துக்கேற்ற நிறையில்தான் கூடுதலாகப் பிடிபடுகிறார்கள். உங்கள் மருமகன் இரண்டாவது வகை. இரண்டு அளவிலும் ஒன்றாகச் சிவப்பில் விழும் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. அதனால்தான் கடும் மந்தபோசணையின் வரைவிலக்கணத்தை இப்படி எழுதியிருக்கிறார்கள்: உயரத்துக்கேற்ற நிறை மூன்றாவது கோட்டுக்குக் கீழே, அல்லது கைச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே, அல்லது இரண்டு காலிலும் நீர்வீக்கம். அந்த ‘அல்லது’ தான் உங்கள் கேள்விக்கு விடை. மூன்றில் ஒன்று வந்தாலே பிள்ளை அந்த வகைக்குள் வந்துவிட்டான். உங்கள் வீட்டில் அந்தச் சொல்லை ‘மற்றும்’ என்று வாசித்துக்கொண்டு, நாடாவும் சிவப்பாகட்டும் பார்ப்போம் என்று காத்திருக்கிறீர்கள். நாடாவும் சிவப்பாகும்போது பிள்ளையிடம் இன்றைக்கு இருக்கும் பலமும் இருக்காது.

ஒன்று சொல்லத்தான் வேண்டும். 80 என்ற நீளம் உண்மையில் 79 ஆக இருந்தால் இவன் மூன்றாவது கோட்டின் மேலேயே வந்து நிற்பான். ஒரு சென்ரிமீற்றரில் தீர்ப்பு மாறக்கூடிய இடம் இது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். தலை பலகையில் முட்டி, முழங்கால் நீட்டி, இரண்டு பேர் பிடித்து. நிற்க வைத்து அளந்தால் ஏறத்தாழ 0.7 சென்ரிமீற்றர் குறைவாக வரும். நிறையில் அரைஞாண், காப்பு, தண்டை, ஈரத் துணி எல்லாம் கணக்கைக் கெடுக்கும். தொங்கு தராசு முதலில் பூச்சியத்தில் நின்றதா என்பதும் பார்க்க வேண்டியது. வார்டில் எல்லாவற்றையும் மறுபடி அளப்பார்கள், அளக்கச் சொல்லி நீங்களும் கேட்கலாம். ஆனால் அந்த ஒரு சென்ரிமீற்றரை வைத்து வீட்டில் வாதாட வேண்டாம். கோட்டுக்கு ஐம்பது கிராம் மேலே நிற்கும் பிள்ளைக்கும் கீழே நிற்கும் பிள்ளைக்கும் உடம்பில் பெரிய வித்தியாசம் இல்லை. விளையாட்டை விட்டுவிட்டு மடியில் கிடக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, எண் எதுவாக இருந்தாலும் அதற்காகவே நான் கூப்பிட்டிருப்பேன்.

அம்மா தேரை என்று சொல்வதைப் பற்றி. அவவோடு சண்டை பிடிக்க வேண்டாம். நம் பழைய ஆட்கள் இந்தப் பிள்ளைகளைக் கண்டு பெயர் வைத்திருந்தார்கள். சவலைப் பிள்ளை என்று சொல்வார்களே. தாய் மறுபடி உண்டாகி, பால் வற்றி, மடியிலிருந்து இறக்கி விடப்பட்டு மெலிந்து போகும் மூத்த பிள்ளைதான் சவலை. உங்கள் வீட்டில் நடந்தது அப்படியே இதுதான். இவன் ஏழு மாதமாக இருந்தபோது அக்கா உண்டாகியிருக்கிறா. 1930களில் மேற்கு ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்டில், இன்றைய கானாவில், வேலை செய்த சிசிலி வில்லியம்ஸ் என்ற வைத்தியர் வீங்கிய காலும் உப்பிய முகமுமாக வந்த பிள்ளைகளைப் பற்றி எழுதியபோது, அந்த ஊர்க் கா மொழியிலிருந்தே பெயரை எடுத்தார்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை வரும்போது முந்திய பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். எங்கோ இருக்கும் இரண்டு ஊர்த் தாய்மார் ஒரே காரணத்தைக் கண்டிருக்கிறார்கள். நூல் கட்டுவதென்றால் அம்மா கட்டட்டும். ஆனால் ஓதின தண்ணியால் வயிற்றை நிரப்ப வேண்டாம், அந்த இடத்தில் பாலோ கஞ்சியோ போகலாம். மூன்று நாள் கட்டிவிட்டுப் பார்ப்போம் என்று பயணத்தைத் தள்ளவும் வேண்டாம்.

வார்டில் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் அத்தானுக்கும் பயம் குறையும். முதலில் பார்ப்பது காய்ச்சல், சளி, வயிற்றோட்டம், உடம்புச் சூடு, இரத்தத்தில் சீனி. இப்படி மெலிந்த பிள்ளைக்கு உள்ளே கிருமி இருந்தாலும் காய்ச்சல் காயாமல் போகலாம், உடம்புக்கு எதிர்த்து நிற்கவே பலம் இருக்காது. ‘காய்ச்சல் இல்லையே’ என்பது ஆறுதல் ஆகாது. அடுத்து, பசி இருக்கிறதா என்று உணவு கொடுத்துப் பார்ப்பார்கள். காலில் வீக்கமில்லை, வேறு நோயில்லை, ஆசையோடு சாப்பிடுகிறான் என்றால், வார்டில் நெடுநாள் வைக்காமல் மருந்துணவைக் கொடுத்து வீட்டுக்கு விட்டு, கிழமைக்கு ஒருமுறை வரச் சொல்லும் வாய்ப்பு உண்டு. அத்தான் நினைப்பதுபோல வெள்ளாமை முடியும்வரை வார்டில் கிடக்க வேண்டி வராமலும் போகலாம். சாப்பிட மறுத்தால் அல்லது வீக்கம் இருந்தால் நிறுத்தித்தான் பார்ப்பார்கள்.

நிறுத்தினால் முதல் சில நாள் சிறிது சிறிதாக, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இராத்திரியிலும், ஐதான பால் கொடுப்பார்கள். ‘மெலிஞ்ச பிள்ளைக்கு இவ்வளவுதானா’ என்று வெளியிலிருந்து சோறும் இறைச்சியும் கொண்டுபோய் ஊட்ட வேண்டாம். பல நாள் சுருங்கிய உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இதயமே தாங்காது. அந்த நாட்களில் நிறை கூடாது, வீக்கம் வடிந்தால் குறையவும் செய்யும். பயப்படாதீர்கள். பசி திரும்பிய பிறகுதான் கூட்டிக் கொடுப்பார்கள், அப்போது நாளுக்குக் கிலோவுக்கு ஐந்து முதல் பத்துக் கிராம் ஏற வேண்டும், அதாவது இவனுக்கு நாற்பது முதல் எண்பது கிராம். வயிற்றோட்டம் வந்தாலும் ஜீவனியை (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல் தூள்) நீங்களாகக் கரைத்து வழமைபோல நிறையக் கொடுக்க வேண்டாம். இப்படிப்பட்ட பிள்ளைக்கு எவ்வளவு, என்ன வேகத்தில் என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

பி.பி. 100 என்ற பிஸ்கட் போன்ற மருந்துணவைத் தந்தால் அது இவன் ஒருவனுக்கு மட்டும். நம் வீடுகளில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்து மற்றதுக்குக் கொடுக்காமல் விட மனம் வராது, திரிபோஷாவும் அப்படித்தான் முழு வீட்டுக்கும் உருண்டையாகிப் போகிறது. மருந்துக் குளிசையைப் பங்கு போடுவோமா? அதே மாதிரித்தான் இதுவும். கொதித்தாறிய தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். திரிபோஷா நல்ல மா, சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்தது, ஆனால் இவன் இன்றைக்கு நிற்கும் இடத்திலிருந்து அது மட்டும் தூக்கி விடாது. தேறி வந்த பிறகு முட்டை, கீரி மீன், கூனி, பயறு, தயிர், சோற்றில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் என்று நம் ஊரில் கிடைப்பதே போதும். அக்காவுக்குப் பால் இருந்தால் சின்னவன் குடித்த பிறகு இவனையும் மடியில் போடலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை. எப்போது தேறினான் என்று சொல்வதையும் ‘கன்னம் வந்திட்டு’ என்பதை வைத்துச் சொல்லக் கூடாது. எந்த அளவில் உள்ளே போனானோ அதே அளவில்தான் வெளியே வர வேண்டும். இவனுக்கு அது உயரத்துக்கேற்ற நிறை, இரண்டாவது கோட்டுக்கு மேலே ஏறி, அங்கேயே நிற்க வேண்டும். அது வரைக்கும் உங்கள் நாடா பச்சையானாலும் கிழமைக் கிளினிக்கை விட வேண்டாம்.

போகும் வழியில் அல்லது இரவில் பிள்ளை உடம்பு குளிர்ந்து போனால், எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடந்தால், குடித்ததெல்லாம் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், மூச்சு வாங்கினால் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அது வரும்வரை நெஞ்சோடு அணைத்துத் துணியால் மூடி வைத்திருங்கள். குடிக்க முடிந்தால் சீனி கரைத்த தண்ணீரைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முன்பு படுவான்கரைத் தாய்மார் இப்படிப்பட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மண்முனைத் துறையில் பாதைப் படகு வரும்வரை கரையில் நிற்க வேண்டியிருந்தது. 2014இல் பாலம் வந்த பிறகு அந்தக் காத்திருப்பு இல்லை.

பிள்ளையோடு வார்டில் நீங்களே நிற்பது நல்லது. இரண்டு மாதக் குழந்தையோடு அக்காவை நோயாளிகளுக்கு நடுவில் இருத்த வேண்டாம். முன்பள்ளிக்கு நாலு நாள் லீவு சொல்லுங்கள், அம்மா அக்காவோடு இருக்கட்டும், அத்தான் வயலுக்குப் போகட்டும். கடிதம், கிளினிக் கொப்பி, இவன் பிடித்துச் சாப்பிடும் கோப்பையும் கரண்டியும், இரவுக்கு ஒரு தடித்த துணி. நீங்கள் அளந்த எண்ணையும் திகதியையும் கொப்பியின் ஓரத்தில் எழுதிக்கொண்டு போங்கள், பார்க்கும் வைத்தியருக்கு அது உதவும். காலை அழுத்தியபோது குழி நின்றதா இல்லையா என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.